கையெழுத்து எந்தப் பக்கம்?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். நான் தேடி அலையவில்லை. போன ஆண்டு ஒரு கல்லூரியில் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கியபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வழிமறித்துக் கேட்டாள்: "ஐயா, குடியரசுத் தலைவர் தேர்தல்ல நிக்கிறவங்கள்ல யாரு இடதுசாரி, யாரு வலதுசாரின்னு எப்படிங்கய்யா கண்டுபிடிக்கிறது?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தரவேண்டிய பதில்தான் இன்றைய பேச்சு.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1998இல் மதுரை மக்களவைத் தொகுதியில் வென்றவர் சுப்பிரமணியன் சுவாமி. ஒன்றரை ஆண்டு கழித்து, 1999இல் அதே தொகுதியில் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் பொ.மோகன். அதே செல்லூர், அதே சிம்மக்கல், அதே வாக்குச்சாவடிகள். தூரத்திலிருந்து பார்க்கிறவர், மதுரை ஒரே பாய்ச்சலில் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குப் போய்விட்டது என்றுதான் எழுதுவார். இங்கேயே இருந்த நமக்கு நடந்தது தெரியும். 1998இல் அ.தி.மு.க. பா.ஜ.க.வோடு நின்றது. 1999இல் வாஜ்பாய் அரசுக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டு காங்கிரசோடும் இடதுசாரிகளோடும் நின்றது. நகர்ந்தது கூட்டணி, மதுரைக்காரர் பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருந்தார்.

இன்னும் பின்னால் போங்கள். 1967இல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனவர் பி.ராமமூர்த்தி. மதுரை மேற்கிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர் என்.சங்கரய்யா. இரண்டு பேரும் கம்யூனிஸ்டுகள். அந்த ஆண்டு தி.மு.க. அமைத்த அணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. தனியார் தொழிலுக்கு அரசு கட்டுப்பாடே கூடாது என்று 1959இல் தொடங்கப்பட்ட கட்சியின் ஆதரவாளர்கள், அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுக் கேட்ட தேர்தல் அது. 2018 பிப்ரவரி 21 அன்று ஒத்தக்கடையில் கமல்ஹாசன் கட்சி தொடங்கியபோது, இடதும் இல்லை வலதும் இல்லை என்று சொல்லும்படி கட்சியின் பெயரிலேயே மய்யம் என்று வைத்தார். பெயர் வைத்துவிட்டால் இடம் அமைந்துவிடும் என்று நாம் எல்லோருமே கொஞ்சம் நம்புகிறோம்.

இடது, வலது என்ற சொற்கள் 1789இல் பிரெஞ்சு சபையில் உறுப்பினர்கள் உட்கார்ந்த வரிசையிலிருந்து பிறந்தவை. அரசருக்கு வேண்டியவர்கள் தலைவரின் வலப்பக்கம், வேண்டாதவர்கள் இடப்பக்கம். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மிடம் வலங்கை, இடங்கை இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தப் பெயர்கள் வருகின்றன. நிலத்தோடு பிணைந்த சாதிகள் பலவும் வலங்கை. கம்மாளர், வணிகர் எனக் கைத்தொழிலோடும் வாணிபத்தோடும் இருந்த பலர் இடங்கை. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், யார் எந்தக் கொடி பிடிக்கலாம் என்பதற்காக ஆங்கிலேயரின் சென்னைப் பட்டணத்தில்கூட இந்த இரண்டு அணிகளும் மோதிக்கொண்டன. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. யாரோடு பிறந்தீர்கள், யாரோடு நடக்கிறீர்கள் என்றுதான் கேட்டது. நாம் இன்றைக்கும் வேட்பாளர்களை அந்தப் பழைய கேள்வியால்தான் அளக்கிறோம் என்பது என் எண்ணம். அவர் யாரோடு நடந்து வருகிறார் என்று பார்த்து, இடது வலது என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

இதற்கு 1969ஐ விடப் பெரிய சாட்சி கிடையாது. அங்கே கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள்.

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ், இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக அறிவித்தது. மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையைப் பறித்தார் இந்திரா. ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. குடியரசுத் துணைத் தலைவராக இருந்த வி.வி.கிரி பதவியை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நின்றார். மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா. சுதந்திராவும் ஜனசங்கமும் சி.டி.தேஷ்முக்கை நிறுத்தின. கிரியை இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தி.மு.க.வும் ஆதரித்தன. பத்திரிகைகளில் படம் தெளிவாக இருந்தது: கிரி இடது, ரெட்டி வலது, தேஷ்முக் அதற்கும் வலது.

எனக்கு அப்போது 12 வயது. அப்பா மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். தாய்மாமன் காமராசரைத் தவிர வேறு தலைவர் பெயரை வீட்டில் சொல்லவிடாதவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த மாமா இலையில் உட்காராமல் பேப்பரை விரித்துக்கொண்டே நின்றார்.

"மச்சான், காமராசர் வலதுசாரின்னு போட்டிருக்கான். நீங்களும் அதத்தான் சொல்றீங்களா? எங்க ஊருக்குப் பள்ளிக்கூடம் யாரால வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பள்ளிக்கூடம் வேற மாப்ள, பேங்க்கு வேற. யாரு கூடச் சேந்து ஓட்டுக் கேக்குறாங்கன்னு பாக்கணும்ல."

"கிரி மட்டும் என்னவாம்? முந்தி ராஜாஜி மந்திரிசபையில இருந்தவருதான?"

அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. மாமா சொன்னது உண்மை. 1937இல் பொப்பிலி ராஜாவைத் தேர்தலில் தோற்கடித்துவிட்டு வந்த கிரிதான் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக இருந்தார். அம்மா மோர் ஊற்றும்வரை அவர்கள் பேச்சு ஓயவில்லை.

அந்தச் சண்டையை வளர்ந்த பிறகு நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று வேட்பாளர்களும் அதற்கு முன் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். கிடைத்தது இதுதான்.

கிரி நேருவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக இருந்தார். வங்கி ஊழியர்களின் சம்பளம் பற்றித் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தந்த தீர்ப்பை அரசு திருத்தியபோது, 1954இல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். இதில் ஒன்றும் வியப்பில்லை, இடதுசாரி என்று சொல்லப்பட்டவர்தான்.

வலதுசாரி என்று சொல்லப்பட்ட சஞ்சீவ ரெட்டி ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர். அவர் 1964இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியது எதனால் தெரியுமா? தனியார் பஸ் வழித்தடங்களை நாட்டுடைமையாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கண்டனத்தால். கர்னூல் மாவட்டத்தில் அரசியல் எதிரிகளின் பஸ்களைக் குறிவைத்தார்கள் என்பது நீதிமன்றத்தின் குற்றச்சாட்டு. அதையும் சேர்த்தே சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனாலும் தனியார் பஸ்ஸை அரசு எடுத்துக்கொண்டதற்காகப் பதவியை இழந்த ஒருவரைத்தான், வங்கிகளை அரசு எடுத்துக்கொண்ட மாதத்தில், அதற்கு எதிர்ப்பக்கத்து ஆள் என்று நாடு அடையாளம் காட்டியது.

மூன்றாமவர் இன்னும் வியப்பு. தேஷ்முக் நேருவின் நிதியமைச்சர். 1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி அரசு கைக்கு மாறி ஸ்டேட் பாங்க் ஆனபோது நிதியமைச்சர் அவர். 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழிலை ஓர் அவசரச் சட்டத்தால் நாட்டுடைமையாக்கி, வானொலியில் மக்களுக்கு அறிவித்தவரும் அவரே. இன்றைக்கு நம் வீட்டில் பாலிசி புத்தகம் இருந்தால் அது தேஷ்முக்கின் கையெழுத்தில் தொடங்கிய வேலை. அவரைத்தான் நாட்டுடைமையே கூடாது என்ற சுதந்திராக் கட்சி தன் வேட்பாளராக நிறுத்தியது.

ஆகஸ்ட் 16 அன்று வாக்களிப்பு, 20 அன்று எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்கில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாருக்கும் பாதிக்குமேல் வரவில்லை. தேஷ்முக்குக்கும் மற்றவர்களுக்கும் விழுந்த சீட்டுகளில் இரண்டாம் விருப்பத்தைப் பார்த்து எண்ணிய பிறகுதான் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று முடிந்தது. எங்கள் தெரு முனை டீக்கடையில் ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். இரண்டாம் விருப்பம் என்றால் என்ன என்று ஒருவர் இன்னொருவருக்கு விரல்விட்டு விளக்கிக்கொண்டிருந்தார். முடிவு வந்ததும் அப்பா எனக்கு ஒரு வடை வாங்கித் தந்தார். பேப்பரில் வந்த கிரியின் படத்தை வெட்டி, தன் தகரப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் பசை தடவி ஒட்டினார். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரெட்டியும் தேஷ்முக்கும் தனியார் சொத்தை அரசு எடுத்துக்கொண்ட கதையில் பங்குள்ளவர்கள், கிரி தொழிலாளர் சம்பளத்துக்காகப் பதவியை விட்டவர். அவர்களை மூன்று வெவ்வேறு இடத்தில் நிறுத்தியது, பின்னால் நின்றவர்கள். அந்தக் கணக்கில் அதிகம் காயப்பட்டவர் காமராசர். அவர் கட்சித் தலைவராக இருந்த 1967இலேயே காங்கிரசின் 10 அம்சத் திட்டம் வங்கிகளைச் சமூகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. சாதி வேறுபாடு பாராமல் ஒரே வரிசையில் குழந்தைகளை உட்காரவைத்து மதியச் சோறு போட்டவரை, ராஜாஜியின் கல்வித் திட்டத்துக்கு எதிராக எழுந்த அலையில் முதலமைச்சரானவரை, ரெட்டியை நிறுத்திய காங்கிரஸ் மூத்த தலைவர்களுக்கு வைத்த சிண்டிகேட் என்ற ஒரே சொல்லால் வலது பக்கம் ஒதுக்கினார்கள். 1971இல் அவரே ராஜாஜியோடு கூட்டுச் சேர்ந்து நிற்கவேண்டி வந்தது. மாமா அந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை. என் தனிப்பட்ட கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்திய அரசியலில் ஒரு மனிதருக்கு ஒட்டப்பட்ட பெயர்களிலேயே மிகவும் அநியாயமானது அது.

1987க்கு வருகிறேன், சுருக்கமாக. ஆர்.வெங்கட்ராமன் காங்கிரஸ் வேட்பாளர். இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957இல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர். ஒருவர் ஆளுங்கட்சி, ஒருவர் இடது. ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கத்து வெங்கட்ராமன் தொழிலாளர் வழக்குகளை நடத்திப் பெயர்பெற்றவர். 1949இல் தொழிலாளர் சட்டத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியவர். தொழிலாளர் பக்கம் வாதாடிய இரண்டு வக்கீல்கள் மோதிய தேர்தல் அது. வெங்கட்ராமன் 7,40,148 வாக்கு மதிப்புடன் வென்றார். 1997இல் கே.ஆர்.நாராயணனை எதிர்த்து நின்ற டி.என்.சேஷன் நமக்கு அந்நியர் இல்லை, 1960களில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்தவர். 1997இல் அவருக்குக் கிடைத்த பெரிய ஆதரவு சிவசேனையுடையது. இரண்டு ஆண்டு கழித்து 1999இல் காந்திநகரில் அத்வானியை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அவரை எந்தப் பக்கம் எழுதுவது?

2002இல் ராமேசுவரத்து அப்துல் கலாமை முன்மொழிந்தது பா.ஜ.க. கூட்டணி. காங்கிரசும் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஆதரித்தன. இடதுசாரிகள் மட்டும் கேப்டன் லட்சுமி சேகலை நிறுத்தினார்கள். கலாம் 9,22,884, லட்சுமி 1,07,366. நம் பகுதிக்காரர்களில் பலருக்கு ஒரு செய்தி நினைவில் இல்லை. லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதன் 1952இல் காங்கிரஸ் வேட்பாளராகத் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மகள் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூர் போய், நேதாஜியின் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். போருக்குப் பிறகு கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். இந்த அம்மாவை இடதுசாரி என்று சொல்வதில் தவறில்லை, கட்சியும் வாழ்க்கையும் ஒன்றாகவே இருந்தன. கலாமை வலதுசாரி என்று சொன்னதில்தான் எனக்கு நிறைவில்லை. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியபோது, எம்.பி.க்களின் பதவியைக் காப்பாற்றப் பின்தேதியிட்டுச் சட்டம் செய்யலாமா என்று எல்லாக் கட்சிகளையும் சேர்த்தே அவர் கேட்டார்.

2022தான் அந்த மாணவியின் மனத்தில் இருந்த தேர்தல். திரௌபதி முர்முவை பா.ஜ.க. நிறுத்தியது, அ.தி.மு.க. ஆதரித்தது. எதிரணியின் வேட்பாளர் யஷ்வந்த் சின்ஹா. தி.மு.க. ஆதரித்தது, காங்கிரஸ் ஆதரித்தது, மதுரை எம்.பி. சு.வெங்கடேசனின் கட்சியான மார்க்சிஸ்ட் கட்சியும் ஆதரித்தது. பக்கத்தைப் பார்த்தால் முர்மு வலது, சின்ஹா இடது அல்லது நடு.

இப்போது காகிதங்களைப் பாருங்கள். சின்ஹா 1998 முதல் 2002 வரை வாஜ்பாயின் நிதியமைச்சர். 2000ஆம் ஆண்டு வரவுசெலவு அறிக்கையில், அரசு வங்கிகளில் அரசின் பங்கை 33 விழுக்காடுவரை குறைக்கலாம் என்று முன்வைத்தார். 2001இல், 1,000 பேர் வரை வேலை செய்யும் ஆலைகள் அரசிடம் அனுமதி கேட்காமலே ஆட்குறைப்புச் செய்யலாம் என்று சட்டத்தைத் திருத்தப்போவதாக அறிவித்தார். அதுவரை இருந்த வரம்பு 100 பேர். அதே 2001இல்தான் கருமுத்து தியாகராசர் 1943இல் நிறுவிய பாங்க் ஆப் மதுரா ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. அந்த இணைப்பைச் சின்ஹாவின் கணக்கில் நான் எழுதவில்லை. 1969இல் 50 கோடி ரூபாய் வைப்புத்தொகை வரம்புக்குக் கீழே இருந்ததால் நாட்டுடைமையாகாமல் தப்பிய நம் ஊர் வங்கி, எந்தக் காற்று வீசிய காலத்தில் பெயரை இழந்தது என்பதைக் காட்டவே சொல்கிறேன். கப்பலூர் ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர், தன் வேலையைப் பற்றி 2001இல் என்ன முன்வைக்கப்பட்டது என்று தெரிந்திருந்தால், 2022இல் சின்ஹாவை இடப்பக்கம் வைத்திருப்பாரா?

முர்முவின் காகிதம் ராஞ்சியில் இருக்கிறது. அவர் அப்போது ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தார். அங்கே ஆண்டது அவரை நியமித்த அதே பா.ஜ.க. பழங்குடி நிலத்தைப் பிறர் கைக்குப் போகாமல் காக்கிற சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டத்தையும் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டத்தையும் திருத்தி, அந்த நிலத்தை விவசாயம் அல்லாத வேலைக்கும் பயன்படுத்த வழிசெய்யும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2016 நவம்பரில் நிறைவேற்றி அனுப்பியது. 2017இல் முர்மு கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். பிறகு அரசே அவற்றைக் கைவிட்டது. நிலம் யாருக்கு என்ற கேள்வியைவிடப் பழைய இடதுசாரிக் கேள்வி உண்டா? அந்தக் கேள்விக்கு அவர் தந்த பதில் அது. 6,76,803க்கு 3,80,177 என்று அவர் வென்றபோது, இந்தக் காகிதத்தைப் பற்றி நம் ஊர் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்கவில்லை.

இங்கே ஒருவர் எழுந்து, குடியரசுத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப்தானே, அமைச்சரவை சொன்னதில் கையெழுத்துப் போடுகிறவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசியல் சட்டத்தின் 74ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஒருமுறை திருப்பி அனுப்பி, மறுபடி யோசியுங்கள் என்று சொல்லும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த ஒரு முறையில்தான் ஒரு மனிதர் யார் என்று தெரிகிறது. நமக்கு, தமிழ்நாட்டுக்கு, இடது வலதைவிட அதிகமாக வலிக்கிற இடம் ஒன்று உண்டு. அது மாநில உரிமை. அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை முழுவதும் மாறிவிடும்.

1991 ஜனவரி 30. தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆளுநர் அறிக்கை இல்லாமலேயே கையெழுத்துப் போட்டவர் தமிழரான வெங்கட்ராமன். பரிந்துரைத்தது சந்திரசேகர் அமைச்சரவை. அதில் நிதியமைச்சர் யார் என்று பாருங்கள்: யஷ்வந்த் சின்ஹா. 2022இல் தி.மு.க. உறுப்பினர்கள் வாக்களிக்கப் போனபோது அது எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ, எனக்கு நினைவிருந்தது.

நாராயணன் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். 1997இல் உத்தரப் பிரதேச பா.ஜ.க. அரசைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அமைச்சரவையின் பரிந்துரையை ஒருமுறை. 1998இல் பீகார் அரசைக் கலைக்கச் சொன்ன வாஜ்பாய் அமைச்சரவையின் பரிந்துரையை ஒருமுறை. யார் அரசு, யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரே அளவுகோலை வைத்தவர். 2005 மே மாதம் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணையில் மாஸ்கோவில் இருந்தபடி இரவோடு இரவாகக் கையெழுத்திட்டார் கலாம். அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. கலாமை நேசிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. நேசிக்கிறவர் பெயரை எடுத்துவிட்டுப் பட்டியல் போட்டால் அது பட்டியலாகாது.

நம் மண்ணுக்கு நேராக வந்த கையெழுத்து ஒன்றும் உண்டு. 2017 ஜனவரி 22 அன்று அலங்காநல்லூரில் சல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க முதலமைச்சர் மதுரை வந்தார். அவசரச் சட்டம் போதாது, நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று ஊர் மக்கள் மறித்து உட்கார்ந்தார்கள். அவர் வாடிவாசலைப் பார்க்காமலே சென்னை திரும்பினார். மறுநாள் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஜனவரி 31 அன்று ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி. பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூர் வாடிவாசல் திறந்தது. 2012இல் அந்தப் பிரணாபுக்கு எதிராக பி.ஏ.சங்மாவை முன்மொழிந்து நின்றது அ.தி.மு.க.தான், 2017இல் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்ததும் அ.தி.மு.க. அரசுதான். பிரணாபை 2012இல் மார்க்சிஸ்ட் கட்சியும் சிவசேனையும் ஒருசேர ஆதரித்தன. ஓய்வுபெற்ற பிறகு 2018இல் நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். மேடையில் பேசினார். மாடு பிடிக்கிற பையனுக்கு இதெல்லாம் வேண்டாம், ஜனவரி 31 போதும்.

நீட் விலக்கு மசோதாவையும் இதே பட்டியலில் எழுதவேண்டும். 2022 பிப்ரவரியில் நம் சட்டமன்றம் இரண்டாவது முறை நிறைவேற்றி அனுப்பியதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ராஞ்சியில் பழங்குடி நிலத்துக்காகக் கையை நிறுத்தியவரும் தில்லியில் இந்த மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தவரும் ஒருவரே. இரண்டையும் ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்காதீர்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு நிமிடம் பார்ப்போம். ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் முகாம்களில் வாழும் ஈழத்து உறவுகளுக்கு இந்தக் கேள்வி நம்மைவிடக் கூர்மையானது. 2024 செப்டம்பர் 21 அன்று இலங்கையின் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற அனுர குமார திசாநாயக்கவை உலகம் முழுவதும் இடதுசாரி என்று எழுதினார்கள். அவருடைய ஜே.வி.பி. 1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதம் எடுத்து எதிர்த்த கட்சி. வடக்கு, கிழக்கு மாகாண இணைப்புக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போய் 2006இல் அதை உடைத்த கட்சி. அதற்கு முன்பே, 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து வாதாடிய சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர்.டி சில்வாவே, சிங்களத்தையும் பௌத்தத்தையும் உயர்த்தி வைத்த 1972 அரசியலமைப்பை வடித்தவர். கொழும்பில் இடது என்பது யாழ்ப்பாணத்தில் வேறு திசை. இருந்தும் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 இடத்தை அனுரவின் கூட்டணிக்கே தமிழர்கள் கொடுத்தார்கள். கட்சியின் பழைய காகிதங்களை மறந்து கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. புதிய காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2027 ஜூலையில் நமக்கு அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் வரவேண்டும். எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஆணையம் தருகிற ஊதா மைப் பேனா. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிக்கும் சேர்த்து 1,760. கொறடா உத்தரவு செல்லாத தேர்தல் அது. அந்த 10 பேரிடமும் போய், வேட்பாளர் முன்பு எதில் கையெழுத்துப் போட்டார், எதில் போட மறுத்தார் என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வர இந்த அரங்கில் இருக்கிற மாணவர்களால் முடியும். அந்தப் பெண் இங்கே இருக்கிறாளா தெரியாது. இருந்தால், தாளை நானும் சேர்ந்து எழுதுகிறேன் அம்மா.

அப்பாவின் தகரப் பெட்டிக்கு வருகிறேன்.

1974 மே மாதம் நாடு முழுவதும் ரயில்வே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மே 8 முதல் 27 வரை. ரயில்வே ஊர் என்பதால் மதுரைக்கு அது வெறும் செய்தி இல்லை, பக்கத்து வீட்டு விஷயம். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள். சங்கத் தலைவர்களை விசாரணையின்றி அடைக்க மிசா சட்டமும் பயன்பட்டது. 1971இல் மிசாவுக்கு ஒப்புதல் தந்த குடியரசுத் தலைவர் வி.வி.கிரி. வேலைநிறுத்தம் செய்தது அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனம். அதை நிறுவியவர்களில் ஒருவர் வி.வி.கிரி. மே 27 அன்று வேலைநிறுத்தம் முறிந்தபோதும் அவர்தான் குடியரசுத் தலைவர்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு இரவு தங்கினார். அவர் யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நாள் இரவு அவருக்குப் போர்வை எடுக்க அப்பா பெட்டியைத் திறந்தார். சிம்னி விளக்கு வெளிச்சம் மூடியின் உட்புறத்தில் விழுந்தது. அந்த மனிதர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நம்ம சங்கத்தக் கட்டுனவர்ல இவரு?"

"ஆமா" என்றார் அப்பா.

போர்வையை உதறிக் கொடுத்துவிட்டு மூடியைச் சாத்தினார். படத்தை அவர் கிழிக்கவில்லை. 1991இல் அப்பா இறந்த பிறகு பெட்டியைத் திறந்தபோது பசை காய்ந்து ஒரு மூலை உரிந்திருந்தது, படம் அங்கேயேதான் இருந்தது.